ஊர் நீரும் உணவின் சுவையும்: உரும்பிராயை நிலைக்களனாகக் கொண்ட ஒரு வரலாற்று நோக்கு

நாற்கவிராச நம்பியின் அகப்பொருள் நூல் ஒவ்வொரு திணைக்கும் பதினான்கு கருப்பொருள்களை வகுத்துக் கூறுகின்றது. அவற்றுள்ளே ஊர், நீர், உணா என்னும் மூன்றும் தனித்தனியே எண்ணப்பட்டுள்ளன. மருதத்துக்கு ஆற்றோடும் பொய்கையோடும் மனைக்கிணறும், நெய்தலுக்கு மணற்கிணறும் உவர்க்கழியும் நீராக வகுக்கப்பட்டுள்ளமை நோக்கற்பாலது. வாழும் ஊர், பருகும் நீர், உண்ணும் உணவு ஆகியன ஒன்றோடொன்று இணைந்தவை என்னும் எண்ணம் தமிழ் மரபிலே பழைமையானது என்பதற்கு இவ்வகைப்பாடு சான்றாகும்.

இலக்கண நூலார் கண்ட இவ்விணைப்பு யாழ்ப்பாணக் குடாநாட்டின் அன்றாடப் பேச்சிலே இன்றும் உயிரோடிருக்கின்றது. தோசை மெத்தென்று அமைந்தாலும், அப்பத்தின் கரை முறுகி வந்தாலும், பாணின் மேற்றோல் மொறுமொறுப்பாக வெந்தாலும், "அது எங்கள் ஊர்த் தண்ணீரின் குணம்" என்று கூறி மகிழ்வோர் எல்லா ஊர்களிலும் உளர். பிற ஊரார் பண்டம் சுவை குன்றியதாயின், பழியும் அவ்வூர்த் தண்ணீரின் மேலேயே விழும். கடல் கடந்த நியூ யோர்க் நகரத்தார், தம் பீற்சாவின் அடித்தோல் வேறெந்த நகரிலும் அமையாமைக்குத் தம் நகரக் குழாய்நீரே காரணம் என்று வாதிடுவதும் இதே வகையினதாகும்.

இக்கூற்றிலே உண்மை எவ்வளவு, வெறும் ஊரபிமானம் எவ்வளவு என்பதையும், அவ்வபிமானத்தின் பின்னே மறைந்துள்ள சமூக வரலாறு யாது என்பதையும், வலிகாமத்தின் செம்மண் ஊர்களுள் ஒன்றாகிய உரும்பிராயை நிலைக்களனாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நிலமும் நீரும்

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே வற்றாத ஆறு எதுவுமில்லை. வழுக்கையாறு மாரி காலத்தில் மட்டுமே ஓடுவது. ஆண்டுக்கு ஏறத்தாழ 1,250 மில்லிமீற்றர் அளவாகப் பெய்யும் மழையிலே பெரும்பகுதி ஒக்டோபர் முதல் டிசம்பர் வரையான வடகீழ்ப் பருவத்திலே கிடைக்கின்றது. அந்நீர் மண்ணூடாக இறங்கி, மயோசீன் காலச் சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளிலும் குகைகளிலும் தேங்குகின்றது. குடாநாட்டு மக்களின் குடிநீரும் இறைப்பு நீரும் பெரும்பாலும் இத்தேக்கத்தையே நம்பியுள்ளன.

நிலத்தடியிலுள்ள நன்னீர், தன்னிலும் செறிவுகூடிய கடல்நீரின் மேலே ஒரு வில்லையைப் போல மிதக்கின்றது. கடல் மட்டத்துக்கு மேலே ஓரடி உயரம் நன்னீர் நின்றால், அம்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 அடி ஆழம் வரை நன்னீர் இருக்கும் என்பது கைபன், ஹேர்ஸ்பேர்க் ஆகிய இருவரும் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் வெவ்வேறாகக் கண்ட விதியாகும். மேலே நிற்கும் ஓரடியை இறைத்துவிட்டால் கீழேயுள்ள 40 அடியும் உவராகும் அச்சம் உண்டு. புத்தூரை அடுத்த நவக்கிரியிலுள்ள நிலாவரைக் கேணியின் மேற்பரப்பு நன்னீராகவும் ஆழம் உவர்நீராகவும் இருப்பது இவ்விதியைக் கண்முன்னே காட்டுவதாகும்.

உரும்பிராய் யாழ்ப்பாண நகரிலிருந்து வடக்கே பலாலி வீதியில் அமைந்துள்ள ஊர். கோண்டாவில், கோப்பாய், நீர்வேலி, ஊரெழு ஆகியன அதன் அயலூர்கள். கடற்கரையினின்றும் விலகி வலிகாமத்தின் உட்பகுதியிலே இருப்பதால் நன்னீர் வில்லையின் தடித்த பாகம் இவ்வூர்களுக்கு வாய்த்தது. நகரத்தின் குழாய்நீர் வழங்கலுக்குக் கோண்டாவில், திருநெல்வேலி முதலிய ஊர்களின் கிணறுகளே ஆதாரமாக அமைந்தமை இப்பகுதி நீரின் மதிப்பைப் புலப்படுத்தும். தீவகத்திலும் கரையோர ஊர்களிலும் நிலைமை வேறு. ஒரே வளவில் ஒரு கிணறு நன்னீராகவும், சில பாகத்துக்கு அப்பால் மற்றொன்று சவராகவும் இருத்தல் அங்கே வழக்கமான காட்சியாகும்.

ஆற்றங்கரை நாட்டிலே ஒரே ஆற்று நீரைப் பல ஊர்கள் பருகும். கிணற்று நாட்டிலே ஊருக்கு ஊர், ஏன், வளவுக்கு வளவு நீர் வேறுபடும். ஆகவே "எங்கள் தண்ணீர்" என்னும் சொற்றொடர் யாழ்ப்பாணத்தாருக்கு நேரடிப் பொருளுடையதாயிற்று. அது வெறும் உவமையாகத் தோன்றியதன்று.

பகுதிதோறும் ஒரு பெருமை

வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, தீவகம் என்னும் பிரிவுகள் குடாநாட்டின் நிலவியற் பிரிவுகள் மட்டுமல்ல. பண்டங்களின் பெயரால் நினைவுகூரப்படும் பிரிவுகளுமாகும். தென்மராட்சிக்குப் பலாவும் மாவும் தேங்காயும் பெருமை தருவன. வடமராட்சியிலே பருத்தித்துறையின் பெயர் தட்டை வடையோடு இணைந்து கொழும்பு வரையும் கடல் கடந்தும் சென்றுள்ளது. வலிகாமத்துச் செம்மண் ஊர்கள் வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் காய்கறிக்கும் வாழைக்கும் பெயர் பெற்றவை. ஒரு பகுதியார் மற்றப் பகுதியாரை உணவின் பெயரால் கேலி செய்வதும், மணவுறவால் இணைந்த குடும்பங்களிலே சம்பந்தி வீட்டுச் சமையலை ஊரோடு சேர்த்து எடைபோடுவதும் குடாநாட்டு வாழ்வின் சுவையான கூறுகள்.

இவ்வகைப் போட்டி தமிழ்நாட்டிலும் உண்டு. திருநெல்வேலி அல்வாவின் சுவைக்குத் தாமிரபரணி நீரே காரணம் என்பர். மணப்பாறை முறுக்கின் தனித்தன்மைக்கு அவ்வூர் நிலத்தடி நீரின் உப்புச்சுவை காரணம் எனக் கூறப்படுகின்றது. அம்முறுக்குக்கு 2023இலே புவிசார் குறியீடும் கிடைத்தது. ஒன்றிலே ஆற்று நீரின் இனிமையும், மற்றொன்றிலே கிணற்று நீரின் உவர்ப்பும் காரணமாகக் காட்டப்படுவதைக் காணலாம். நீர் எத்தகையதாயினும் அதனைப் பெருமைக்குரியதாக்கிவிடும் ஆற்றல் ஊரபிமானத்துக்கு உண்டு.

பாணின் வருகை

நீருக்கும் மேற்றோலுக்கும் உள்ள தொடர்பை ஆராயுமிடத்து முதலில் நோக்கவேண்டியது கோதுமையாகும். யாழ்ப்பாண மண்ணிலே கோதுமை விளைவதில்லை. அதனாற் செய்த உணவின் பெயரும் அந்நியமானதே. பாண் என்பது போர்த்துக்கேயச் சொல்லின் வழிவந்தது. பாண் வேகும் அடுப்பைக் குறிக்கும் போறணை என்பதும் அம்மொழியிலிருந்தே வந்தது. 1619இலே யாழ்ப்பாண அரசைத் தம் ஆட்சிக்குட்படுத்திய போர்த்துக்கேயர் 1658இலே ஒல்லாந்தரிடம் அதனை இழந்தனர். அவர்கள் ஆட்சி நாற்பது ஆண்டளவில் முடிந்தது. அவர்கள் விட்டுச்சென்ற இவ்விரு சொற்களும் வழக்கிலே நிலைபெற்றன.

ஆயினும் பாண் ஊர்மக்களின் உணவாகப் பரவியமை பிற்காலத்து நிகழ்ச்சியாகும். அரிசிக்குப் பர்மாவை நம்பியிருந்த இலங்கை, 1942இலே அந்நாடு யப்பானியர் வசமானபோது பெருந்தட்டுப்பாட்டை எதிர்நோக்கியது. பங்கீட்டு முறையிலே கோதுமை மா மக்களைச் சென்றடைந்தது. போருக்குப் பின்னரும் இறக்குமதி மா மலிவாகக் கிடைத்தமையால் காலை உணவாகவும் இரவு உணவாகவும் பாண் வேரூன்றியது. 1970களின் முற்பகுதியிலே அந்நியச் செலாவணி நெருக்கடியால் மா அருகியபோது, பாண் கடைகளின் முன்னே விடியுமுன் நீண்ட வரிசைகள் நின்றதை அக்காலத்தவர் மறக்கமாட்டார். 1980இலே திருகோணமலையில் பெரும் மா ஆலை இயங்கத் தொடங்கியது. 1990களிலே பொருளாதாரத் தடைகளின் கீழே மாவும் எரிபொருளும் மீண்டும் அருமையாயின.

விறகுப் போறணையிலே தட்டையாக வேகவைக்கும் ரோஸ் பாண் யாழ்ப்பாணத்தாரின் தனி விருப்புக்குரியது. அச்சுப் பாணிலே பெரும்பகுதி உள்மென்மையாக அமைய, ரோஸ் பாணிலே இருபுறமும் வெந்து முறுகிய தோலே சிறப்பாகின்றது. இத்தாலியரின் பீற்சாவும் இவ்வகையிலே இதற்கு உறவுடையது. இரண்டும் கோதுமை மா, நீர், உப்பு, மதுவம், விறகு நெருப்பு ஆகிய ஐந்தினால் ஆவன. ஆகவே பீற்சாவின் தோலைப் பற்றிய வினாவை ரோஸ் பாணின் தோலைப் பற்றியும் எழுப்புதல் பொருந்தும்.

பிறநாட்டு வழக்குகள்

நாப்போலி நகரத்திலிருந்து குடியேறியவர்கள் பீற்சாவை அமெரிக்காவுக்குக் கொண்டுசென்றனர். நியூ யோர்க்கிலே 1905இலும், நியூ ஹேவனிலே 1925இலும் தோன்றிய கடைகள் இன்றும் பேசப்படுகின்றன. சிகாகோவிலே 1943இலே தடித்த வகையொன்று உருவாயிற்று. இந்நகரங்களின் போட்டியிலே நியூ யோர்க்கார் முன்வைத்த வாதமே நீர்வாதம். அந்நகரின் குடிநீர் பெரும்பாலும் கற்ஸ்கில் மலைப்பகுதியின் நீர்த்தேக்கங்களிலிருந்து வருவது. சுண்ணாம்புச் சத்துக் குறைந்த மென்னீர்.

இவ்வாதத்துக்கு மதிப்பளித்த முன்னிகழ்ச்சி மதுவடித்தற்றொழிலிலே உண்டு. இங்கிலாந்திலே திரென்ற் ஆற்றங்கரையிலுள்ள பேற்றன் நகரத்தின் பியர் 19ஆம் நூற்றாண்டிலே பெரும்புகழ் பெற்றது. பிற நகரத்தார் அதே வாற்கோதுமையையும் அதே முறையையும் கொண்டு வடித்தும் அச்சுவை கிட்டவில்லை. அந்நகரக் கிணற்று நீரிலே ஜிப்சம் மிகுந்திருப்பதே காரணம் என்பதை இரசாயனர் கண்டனர். அதன்பின் பிற நகரத்தார் தம் நீரிலே ஜிப்சத்தைக் கலந்து அச்சுவையை அணுகினர். இதற்கு மறுதலையாக, பொகீமியாவின் பிள்சன் நகரத்திலே 1842இலே பிறந்த வெளிர்நிறப் பியருக்கு மிக மென்மையான நீரே துணையாயிற்று.

பேற்றன் வரலாறு இரண்டு உண்மைகளை உணர்த்துகின்றது. ஊர் நீர் சுவையை மாற்றக்கூடும் என்பது ஒன்று. மாற்றும் பொருள் எதுவெனக் கண்டபின், அப்பெருமையை ஒரு கரண்டித் தூளாக எவ்வூருக்கும் கொண்டுசெல்லலாம் என்பது மற்றொன்று.

கணக்கும் இரசாயனமும்

இனி உரும்பிராய்க் கிணற்று நீரை இவ்வகையிலே நோக்கலாம். சுண்ணாம்புக் கல்லூடாக வரும் நீராதலால் வலிகாமத்து நீர் பெரும்பாலும் வன்னீராகும். கல்சியமும் இருகாபனேற்றும் அதிலே மிகுதி. கேத்தலின் அடியிலே படியும் வெண்ணிறக் காரை இதற்கு வீடுதோறும் காணும் சான்று. இலங்கையின் குடிநீர்த் தர அளவீடு வன்மைக்கு லீற்றருக்கு 250 மில்லிகிராம் என்னும் எல்லையை வகுத்துள்ளது. வலிகாமத்தின் பல கிணறுகளிலே வன்மை அவ்வெல்லையைக் கடந்து நிற்கும்.

ஒரு கிலோகிராம் கோதுமை மாவைக் குழைப்பதற்கு ஏறத்தாழ 600 மில்லிலீற்றர் நீர் வேண்டும். முதலிலே உப்பைக் கொள்வோம். லீற்றருக்கு 250 மில்லிகிராம் குளோரைட்டு உள்ள நீராயின், குழைக்கும் நீரோடு வரும் உப்பு ஏறத்தாழக் காற்கிராமாகும். பாண் செய்வோன் கையால் இடும் உப்போ 20 கிராம் அளவினது. எண்பதிலொரு பங்கு உப்பினால் சுவை மாறிற்று எனல் பொருந்தாது. சிறிதே சவர்த்த நீர் தேநீரைக் கெடுக்கும். பாணைக் கெடுப்பது அரிது.

கல்சியத்தின் செய்தி வேறு. வன்மை 250 மில்லிகிராம் உள்ள நீரிலே லீற்றருக்கு 100 மில்லிகிராம் கல்சியம் உண்டு. ஆகவே 600 மில்லிலீற்றர் நீர் 60 மில்லிகிராமைக் கொணரும். வெள்ளைக் கோதுமை மாவிலே ஒரு கிலோகிராமுக்கு இயல்பாயுள்ள கல்சியம் 150 மில்லிகிராம் அளவினதே. எனவே நீரின் பங்களிப்புப் புறக்கணிக்கத்தக்கதன்று. கல்சியமும் மகனீசியமும் கோதுமைப் புரதமாகிய குளுட்டனின் பின்னலை இறுக்குகின்றன. மிக மென்மையான நீரிலே குழைத்த மா ஒட்டும் தன்மையுடையதாகும். மிக வன்மையான நீரிலே குழைத்தது விறைப்பாகி மெதுவாகவே பொங்கும். நடுத்தர வன்மையுள்ள நீரே பாணுக்கு ஏற்றது என்பது தொழிலறிந்தோர் கொள்கை. இருகாபனேற்று, நொதித்தலில் உண்டாகும் புளிப்பை ஓரளவு தணிக்கும். மேற்றோல் சிவப்பதற்கும் துணைசெய்யும். நீர்வாதத்திலே உண்மையின் கூறு இருப்பது இங்கேதான்.

ஆனால் அவ்வுண்மையின் எல்லையும் இங்கேயே தெரிகின்றது. குளுட்டன் கோதுமையிலுள்ளது, அரிசியிலே இல்லை. அரிசி மாவின் அப்பத்துக்கு இக்காரணம் செல்லாது. இருகாபனேற்றின் செயலைக் காட்டுவோமாயின், கால் தேக்கரண்டி அப்பச்சோடா, 600 மில்லிலீற்றர் கிணற்று நீரிலுள்ளதைப் போலப் பல மடங்கு இருகாபனேற்றைத் தந்துவிடும். பிட்டுக்கும் இடியப்பத்துக்கும் மாவைக் குழைப்பது கொதிநீரால். கொதிக்கும்போதே கல்சியத்தின் ஒரு பகுதி காரையாகப் பாத்திரத்திலே படிந்துவிடுகின்றது. தட்டை வடையிலோ குழைத்த நீரின் பெரும்பகுதி கொதிக்கும் எண்ணெயிலே ஆவியாகின்றது. ஆகவே யாழ்ப்பாணத்து உணவுகளுள் நீர்வாதம் ஓரளவேனும் பொருந்துவது, அந்நிய மாவால், அந்நியப் பெயரோடு வந்த பாணுக்கே என்னும் முடிவு பெறப்படுகின்றது.

அங்ஙனமாயின் அப்பத்தின் கரை ஊருக்கு ஊர் வேறுபடுவதேன்? மாவைப் புளிக்கவைக்கச் சேர்த்த கள்ளின் இயல்பு, பச்சையரிசியின் வகை, இடித்து அரித்த பதம், தாச்சியின் தடிப்பு, மேலும் கீழும் இட்ட நெருப்பு, சுடுபவரின் கைப்பழக்கம் ஆகியன காரணங்களாகும். தோசையிலே உழுந்தின் அளவும், வெந்தயமும், சேர்க்கும் கோதுமை மாவும், இரவின் வெப்பமும் கூடி நிற்கின்றன. பனையேறியின் உழைப்பும், உரலிடித்த பெண்ணின் உழைப்பும், அடுப்பங்கரையிலே புகைபட்டு நின்றவளின் அனுபவமும் சுவையாகத் திரண்டன. புகழ் மட்டும் தண்ணீருக்குச் சென்றது. உழைத்தோர் பெயரைச் சொல்லாது ஊரின் பெயரைச் சொல்லும் மரபிலே, நீர் வசதியான ஒரு விடையாயிற்று எனலாம்.

எவர் நீர்?

"எங்கள் தண்ணீர்" என்னும் தொடரிலே "எங்கள்" என்பது யாரைச் சுட்டிற்று என்னும் வினா இவ்விடத்தே எழுகின்றது. குடாநாட்டுக் கிணறுகள் பெரும்பாலும் தனியார் வளவுகளிலும் பங்குக் காணிகளிலும் இருந்தன. ஒடுக்கப்பட்ட சாதியினர் பல ஊர்களிலே அக்கிணறுகளிலே தாமாக நீரள்ள உரிமையற்றிருந்தனர். கிணற்றடியிலே குடத்தோடு காத்திருந்து, பிறர் அள்ளி வார்த்த நீரையே கொண்டுசென்றனர். தேநீர்க் கடைகளிலே அவர்களுக்கு வேறு பாத்திரம் வைக்கப்பட்டது. ஊர் நீரின் சுவையைப் புகழ்ந்த அதே நா, அந்நீரை இன்னொருவர் தொடுதல் தீட்டென்றும் கூறிற்று.

இந்நிலைக்கெதிரான எழுச்சி நீண்ட வரலாறுடையது. 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் சாதி காரணமாகப் பொது இடங்களிலே விலக்கிவைத்தலைக் குற்றமாக்கியது. சட்டம் வந்தும் வழக்கம் எளிதிலே மாறவில்லை. 1966 ஒக்டோபர் 21ஆந் தேதி சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிப் புறப்பட்ட ஊர்வலமும், அதனைத் தொடர்ந்த தேநீர்க்கடை, ஆலயப் பிரவேசப் போராட்டங்களும் குடாநாட்டுச் சமூக வரலாற்றிலே திருப்பங்களாக அமைந்தன. கே. டானியல் தம் நாவலொன்றுக்குத் ‘தண்ணீர்’ என்றே பெயரிட்டமை தற்செயலானதன்று. நீரின் சுவையை ஆராயும் வரலாறு, அச்சுவை மறுக்கப்பட்டோரின் வரலாற்றை விடுத்து எழுதப்படுமாயின் குறையுடையதாகும்.

இடப்பெயர்வு என்னும் சோதனை

ஓர் உணவின் சுவைக்கு நீர் காரணமா, கை காரணமா என்று அறிய, அதே கையைக் கொண்டு வேறு நீரிலே சமைத்துப் பார்த்தல் வேண்டும். இச்சோதனையை யாழ்ப்பாணத்தார் விரும்பிச் செய்யவில்லை; வரலாறு அவர்களைச் செய்வித்தது.

1995 ஒக்டோபர் 30ஆந் தேதி வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் ஊரை விட்டு, மழையிலே, நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்குப் பெயர்ந்தனர். உரும்பிராய் மக்களும் அவர்களுள் அடங்குவர். ஒரு குடும்பத்துக்கென வெட்டிய கிணற்றைச் சுற்றிப் பல குடும்பங்கள் நின்றன. அக்கிணற்று நீரிலே சமைத்ததை உண்டு, 1996இன் முற்பகுதியிலே பலர் ஊர் திரும்பும் வரை வலிகாமம் வாழ்ந்தது. எவ்வூர்த் தண்ணீர் இனியது என்னும் பழைய போட்டிக்கு அந்நாட்களிலே இடமிருக்கவில்லை. தண்ணீர் தந்த ஊரே இனிய ஊராயிற்று.

மற்றைய இடப்பெயர்வு கடல் கடந்தது. 1983இன் பின்னர் இலண்டன், பாரிஸ், றொரன்ரோ, சுவிற்சர்லாந்து முதலிய இடங்களிலே குடியேறியோர் அங்கும் தோசையும் அப்பமும் சுட்டனர். றொரன்ரோவிலும் இலண்டனிலும் ரோஸ் பாணும் கிடைக்கலாயிற்று. ஐரோப்பிய உணவகங்களின் சமையலறைகளிலே வேலைக்கமர்ந்த பலர் பீற்சாவுக்கு மாக் குழைக்கவும் பழகினர். "என்ன செய்தும் ஊர்ச் சுவை வரவில்லை, தண்ணீர் வேறு" என்னும் ஏக்கம் அவ்விடங்களிலெல்லாம் கேட்கப்படுவது. இங்கே ஒரு செய்தி சிந்திக்கத்தக்கது. இலண்டன் மாநகரின் நீர் சோக்குக் கற்படையூடாக வரும் வன்னீராகும். கேத்தலிலே காரை படியும் வகையிலே வலிகாமத்து நீருக்கு அது நெருங்கிய உறவு. நீரே காரணமாயின், உரும்பிராய்ச் சுவை இலண்டனிலே எளிதிலே கிட்டியிருத்தல் வேண்டும். கிட்டாமற்போனது பனங்கள், விறகு நெருப்பு, புதிதாய் இடித்த மா, வெக்கையான இரவு ஆகியன. அவற்றுக்கும் மேலாக, சுற்றியிருந்து உண்டோரின் கூட்டம். இழந்தவை பல; சொல்வதற்கு எளிதாக அமைந்த பெயர் தண்ணீர்.

நாவறியா மாற்றம்

துலாவினாலும் பட்டையினாலும் இறைத்த காலத்திலே மனித உடலின் வலுவே இறைப்பின் எல்லையாயிற்று. 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியின் பின்னர் நீரிறைக்கும் இயந்திரங்கள் பரவின. 1970க்கும் 1977க்குமிடையிலே இறக்குமதிக் கட்டுப்பாட்டினால் மிளகாயும் வெங்காயமும் நல்ல விலை பெற்றன. உரும்பிராய் போன்ற செம்மண் ஊர்கள் செழித்தன, பிள்ளைகள் படித்தனர், கல்வீடுகள் எழுந்தன. அதே காலத்திலே இரசாயன உரம் மிகுதியாக இடப்பட்டது. செம்மண்ணூடாகவும் வெடிப்புடைய சுண்ணாம்புக் கல்லூடாகவும் அவ்வுரத்தின் நைத்திரேற்று, மலசலகூடக் குழிகளின் கசிவோடு சேர்ந்து, கிணறுகளை அடைந்தது. 1980களிலே வெளிவந்த ஆய்வுகள் வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றிலே நைத்திரேற்று ஏற்றுக்கொள்ளத்தக்க அளவைக் கடந்திருப்பதை எடுத்துக்காட்டின. இன்றைய எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம்.

நைத்திரேற்றுக்கு நிறமில்லை, மணமில்லை, குடிநீரிலே காணும் அளவிலே சுவையுமில்லை. கொதிக்கவைத்தாலும் நீங்காது, நீர் ஆவியாவதால் செறிவு கூடவே செய்யும். கைக்குழந்தைகளின் குருதி ஒட்சிசனைக் கொண்டுசெல்லும் ஆற்றலை அது குறைக்கவல்லது. தலைமுறை தலைமுறையாக நீரை நாவினாலே சோதித்துப் பழகிய சமூகம், நாவுக்குப் புலப்படாத ஒன்றை எதிர்கொள்ள நேர்ந்தது. "எங்கள் தண்ணீர் இனியது" என்று கூறப்பட்ட அதே ஆண்டுகளிலே அத்தண்ணீர் மாறிக்கொண்டிருந்தது.

2010களின் நடுப்பகுதியிலே சுன்னாகத்தை அண்டிய கிணறுகளிலே கழிவெண்ணெய் கலந்த செய்தி குடாநாட்டையே அதிரவைத்தது. இம்முறை மாற்றம் கண்ணுக்கும் மூக்குக்கும் புலப்பட்டது. மக்கள் கிளர்ந்தெழுந்தனர், வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்றது, 2019இலே பாதிக்கப்பட்டோருக்கு 2 கோடி ரூபா இழப்பீடு வழங்குமாறு ஆணை பிறந்தது. புலன்களுக்குத் தெரிந்த மாசுக்கு நியாயம் கேட்ட சமூகம், தெரியாத மாசோடு பல பத்தாண்டுகளாக வாழ்ந்து வந்துள்ளது என்பது நோக்கற்பாலது.

2024இலே வடமராட்சி கிழக்கின் தாளையடியில், நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் நன்னீரைக் கடல்நீரிலிருந்து பிரித்தெடுக்கும் நிலையம் திறக்கப்பட்டது. இவ்வகை நிலையங்களிலே உப்பு நீக்கிய நீருக்குப் பின்னர் அளவறிந்து கனிமம் சேர்ப்பர். குழாய்நீர் வீடுதோறும் பரவுமாயின், வலிகாமத்தாரும் தீவகத்தாரும் ஒரே வகை நீரைப் பருகுவர். கைக்குழந்தை உள்ள வீட்டுக்கும், கிணற்றுரிமை மறுக்கப்பட்டோர் மரபினருக்கும் அது பெரும்பேறாகும். அதனைக் குறைத்து மதிப்பிடல் தகாது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் ஊர் நீர் பாணின் தோலைச் சிறிதளவு மாற்றவல்லது என்பதும், அரிசிப் பண்டங்களின் சுவைக்கு அது காட்டப்படுமளவு காரணமன்று என்பதும், நீருக்குச் சென்ற புகழிலே பெரும்பங்கு உழைத்த கைகளுக்கு உரியது என்பதும் பெறப்படும். ஆயினும் அந்நம்பிக்கையைப் பிழையென்று ஒதுக்கிவிடுதல் எளிதன்று. நீர் எங்களது என்று நினைத்தவரையிலேயே ஊரார் கிணற்றடியிலே எச்சிலும் அழுக்கும் விழாது காத்தனர், ஆண்டுதோறும் இறைத்துச் சேறெடுத்தனர், சவராகாது பார்த்தனர். அந்நினைப்பு வேலிகளையும் எழுப்பியது, காவலும் செய்தது.

குழாய்நீர் வந்தபின் கிணறு குடிநீரின் கடமையினின்றும் விடுபடும். ஆனால் தோட்டத்துக்கு இறைக்கும் நீர் அதே சுண்ணாம்புக் கல்லிலிருந்தே வரும். மேலே நிற்கும் ஓரடியே கீழேயுள்ள 40 அடியையும் காக்கும் என்னும் விதியும் மாறாது. பருகாத நீரை எவர் காப்பர் என்பதே உரும்பிராய் போன்ற ஊர்களின் முன்னே நிற்கும் வினாவாகும். சாதி வேலியையும் ஊர்ப் போட்டியையும் விடுத்து, "எங்கள் தண்ணீர்" என்னும் சொல்லிலுள்ள காவலுணர்வை மட்டும் குடாநாடு முழுமைக்கும் உரியதாக்குதல் கூடுமாயின், அப்பழைய பெருமை தன் கடனைச் செய்ததாகும்.